பல தேசத்துப் பட்டறைகளும் ஒரே விமானமும்



தொழிலானது ஒரு தேசத்தின் செல்வத்தைப் பெருக்குவதோடு நில்லாமல், தேசங்களுக்கிடையே நிலவும் உறவுகளையும் எவ்வாறு உருவாக்குகிறது என்பதை ஆராயும் பொருட்டு அமைந்தது இந்தச் சொற்பொழிவு வரிசை. பல விஷயங்களை மனத்தில் புரட்டிப் பார்த்த பிறகு, நம் தலைக்கு மேலே நாள்தோறும் பறந்து செல்லும் பயணிகள் விமானத்தையே எடுத்துக்கொண்டேன். பல தேசத்துத் தொழிலாளர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே அதன் அங்கங்களைத் தனித்தனியே செய்வதும், அவ்வங்கங்கள் முடிவில் ஓரிடத்தில் வந்து கூடி ஒரே உடலாவதும் எப்படிச் சாத்தியமாகின்றன என்பதே என் விசாரணை. ஐரோப்பாவின் ஏர்பஸ் ஸ்தாபனத்தின் சரித்திரத்தைக் கொண்டே இதைப் பெரும்பாலும் விளக்கப் போகிறேன்.

தென் பிரான்ஸில் துலூஸ் நகரத்து விமான நிலையத்தை அடுத்த பெருங்கூடங்களில் ஏ320 என்னும் விமானம் உருப்பெறும் இடத்தைக் காண்பவர், தகடு வளைக்கும் ஓசையையும் உருக்கு உலைகளின் வெம்மையையும் எதிர்பார்த்துச் சென்றால், அங்கே நிலவும் அமைதியைக் கண்டு வியப்படைவார். விமானத்தின் முற்பகுதி அட்லாண்டிக் கரையிலுள்ள சான்-நஸேரிலிருந்தும், பிற்பகுதி ஜெர்மனியின் ஹாம்புர்க்கிலிருந்தும், இறக்கைகள் இரண்டும் வேல்ஸ் நாட்டின் வடகிழக்கு மூலையிலுள்ள பிராட்டனிலிருந்தும், செங்குத்து வால் எல்பே நதியை அடுத்த ஷ்டாடேயிலிருந்தும், கிடைவால் ஸ்பெயினின் கெடாஃபேயிலிருந்தும் அங்கே வந்து சேர்கின்றன. வெற்றுக் கூடுகளாக அவை வருவதில்லை. உள்ளே செல்ல வேண்டிய மின்கம்பிகளும் குழாய்களும் பொருத்தப்பட்டு, சோதனையும் முடிந்தே வருகின்றன. ஆகவே இறுதிக் கூடத்தில் எஞ்சியிருப்பது முழு உழைப்பில் ஒரு சிறு பங்கே ஆகும். ஆனால் அந்தச் சிறு பங்கிலேதான், மற்ற இடங்களில் செய்யப்பட்ட வேலை அனைத்தும் சரியா தவறா என்பது வெளிப்பட்டுவிடுகிறது.

இவ்வாறு பங்கிட்டுக்கொள்ள வேண்டிய அவசியம் எப்படி நேர்ந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் ஐரோப்பாவில் விமானம் வகுக்கும் சாமர்த்தியத்துக்குக் குறைவில்லை. முதல் ஜெட் பயணிகள் விமானத்தைப் பறக்கவிட்டது பிரிட்டன். வாலருகே எஞ்சின்களைப் பொருத்தும் முறையைப் பயணிகள் விமானத்தில் முதன்முதல் கையாண்டது பிரான்ஸ். குறைவெல்லாம் சந்தையில்தான் இருந்தது. பிரிட்டனின் டிரைடென்ட் விமானம் 117 எண்ணிக்கையோடும், பிரான்ஸின் காரவெல் ஏறக்குறைய 280 எண்ணிக்கையோடும் நின்றுபோக, டிரைடென்டுக்குச் சமகாலத்ததான அமெரிக்க போயிங் 727 தன் உற்பத்தி முடிவதற்குள் 1,832 என்னும் எண்ணிக்கையை எட்டியது. ஒரு விமானத்தை வகுப்பதற்கும், அதன் அச்சுச் சட்டங்களையும் கருவிகளையும் அமைப்பதற்கும் ஆகும் பெருஞ்செலவு, நூறு விமானங்களின் மீது ஏற்றப்படும்போது தாங்க முடியாத பாரமாகவும், ஆயிரத்தின் மீது ஏற்றப்படும்போது தாங்கத்தக்கதாகவும் ஆகிறது. மேலும், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கைகள் ஒவ்வொரு முறையும் சற்றுக் குறைந்த நேரத்திலேயே அதை முடிக்கின்றன. இந்த இரண்டு அனுகூலங்களும் அமெரிக்கர் பக்கமே இருந்தன. மேற்கு ஜெர்மனிக்கோ, 1955 வரை விமானம் செய்யும் உரிமையே மறுக்கப்பட்டிருந்தது. அத்தொழிலுக்குள் மறுபடி பிரவேசிக்க அதற்கு ஒரு துணை தேவைப்பட்டது.

இந்நிலையில் பிரிட்டன், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி ஆகிய மூன்று அரசாங்கங்களும் 1967 செப்டம்பரில் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டு, ஏ300 என்னும் அகன்ற உடல் விமானத்தைக் கூட்டாகச் செய்வதென்று தீர்மானித்தன. எஞ்சினை ரோல்ஸ்-ராய்ஸ் புதிதாக வகுத்துத் தருவதென்பது அத்தீர்மானத்தின் ஓர் அங்கம். ஆனால் ரோல்ஸ்-ராய்ஸ் ஸ்தாபனம் அமெரிக்க லாக்ஹீட் விமானத்துக்கான எஞ்சினிலேயே தன் கவனத்தைச் செலுத்தலாயிற்று. விமானத்தின் அளவும் 300 ஆசனங்களிலிருந்து 250 அளவுக்குக் குறைக்கப்பட்டு, அமெரிக்க எஞ்சின்களையே பொருத்திக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது. இந்த விமானம் விற்பனையாகுமா என்ற ஐயமும் சேர்ந்துகொள்ளவே, 1969 ஏப்ரலில் பிரிட்டிஷ் அரசாங்கம் விலகிக்கொண்டது. அடுத்த மாதமே, மே 29 அன்று, பாரிஸ் விமானக் கண்காட்சியில் பிரெஞ்சு மந்திரி ஜான் ஷமானும் ஜெர்மானிய மந்திரி கார்ல் ஷில்லரும் இருவர் மட்டுமான ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர்.

அரசாங்கம் விலகியது, ஆனால் இறக்கை விலகவில்லை. இந்தச் சரித்திரத்தில் என்னை மிகவும் சிந்திக்க வைத்த சம்பவம் இதுவே. ஹாக்கர் சிட்லி என்னும் பிரிட்டிஷ் கம்பெனியின் ஹாட்ஃபீல்டு பொறியாளர்கள் அந்த விமானத்தின் இறக்கையை ஏற்கெனவே வகுத்துக்கொண்டிருந்தனர். ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே பறக்கும் விமானத்தின் இறக்கையின் மேற்புறத்தில் காற்றோட்டம் ஒலியின் வேகத்தையும் கடந்துவிடுகிறது. அதனால் எழும் எதிர்ப்பைத் தணிக்கும் குறுக்குவெட்டு வடிவத்தை வகுப்பதில் அவர்களுக்கு நிகரான அனுபவம் அன்று மற்ற இரு தேசங்களிலும் இல்லை. அவர்களை இழந்தால் விமானத்தையே இழப்போம் என்று உணர்ந்த கூட்டாளிகள், அக்கம்பெனி சுயேச்சையாகவே நீடிக்க வழி செய்தனர். கம்பெனி தன் சொந்தப் பொறுப்பில் 3.5 கோடி பவுனை அச்சுச் சட்டங்களிலும் கருவிகளிலும் முதலீடு செய்தது. மேற்கு ஜெர்மானிய அரசாங்கமும் பண உதவி அளித்தது. அதற்கு இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன்பு வரை போர்க்களத்தில் எதிரெதிரே நின்ற இரு தேசங்களில் ஒன்றின் கஜானா, மற்றொன்றின் தொழிற்சாலை விமான இறக்கை செய்வதற்குப் பொருள் உதவியது. இதை ராஜதந்திரம் என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு வேலையை உள்ளபடி அறிந்தவர்களிடமே அதை ஒப்படைக்க வேண்டும் என்ற எளிய நியாயம், மந்திரிசபைகளின் தீர்மானங்களைக் காட்டிலும் வலியதாக நின்ற தருணம் அது.

அந்த நியாயத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்கள் இருவர்: பிரெஞ்சுப் பொறியாளரான ரோஜே பெத்தேயும், உற்பத்தியை நிர்வகித்த ஜெர்மானியரான ஃபெலிக்ஸ் க்ராஹ்டும். விமானி அறை, இயக்குமுறைகள், உடலின் நடுப்பகுதியின் கீழ்ப்பாதி ஆகியவை பிரான்ஸுக்கு, உடலின் மற்றப் பகுதிகளில் பெரும்பாலானவை ஜெர்மனிக்கு, இறக்கை பிரிட்டனுக்கு, இறக்கையின் அசையும் பாகங்கள் ஹாலந்துக்கு, 1971ல் 4.2 சதவீதப் பங்கோடு சேர்ந்துகொண்ட ஸ்பெயினுக்குக் கிடைவால். இவ்வாறு பங்கிட்டதைவிட முக்கியமானவை அவர்கள் விதித்த நிபந்தனைகள். ஒவ்வொரு பகுதியும் அதனதன் தொழிற்சாலையிலேயே பூரணமாக முடிக்கப்பட்டு வர வேண்டும். இறுதியாகச் சேர்க்கும் இடம் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். பிரிட்டன் நீங்கலாக மெட்ரிக் அளவையிலே பிறந்து வளர்ந்த தேசங்களாயினும், வாங்கப்போகும் கம்பெனிகளில் பல அமெரிக்க விமானங்களுக்குப் பழகியிருந்தமையால், ஆங்கிலமே அலுவல் மொழியாகவும் அங்குலமே அளவாகவும் இருக்க வேண்டும். தன் மொழியையும் தன் அளவுகோலையும் ஒருங்கே விட்டுக்கொடுக்க ஒரு பிரெஞ்சுக்காரரே முன்வந்ததனாலேயே மற்றவர்களும் விட்டுக்கொடுக்க இசைந்தனர் என்பது என் அபிப்பிராயம்.

இதே காலத்தில் பிரிட்டனும் பிரான்ஸும் சேர்ந்து செய்த கான்கார்டு விமானத்தில் ஒரே இறுதிக் கூடம் என்ற நிபந்தனை இல்லை. துலூஸில் ஒரு வரிசை, பிரிஸ்டல் அருகே ஃபில்டனில் மற்றொரு வரிசை என இரண்டு இறுதிக் கூடங்கள் அமைந்தன. இரு தேசங்களின் கௌரவமும் காக்கப்பட்டது. செய்யப்பட்ட விமானங்களோ மொத்தம் 20.

பகுதிகளை இணைக்கும் வேலையில் உள்ள கஷ்டம் எத்தகையது என்பதை ஒரு சிறு கணக்கினால் காட்டலாம். அலுமினியம், வெப்பம் ஒரு டிகிரி கூடினால், ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 23 மைக்ரான் நீள்கிறது. மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. முப்பது மீட்டர் நீளமுள்ள ஓர் இறக்கைப் பகுதி, பத்து டிகிரி வேறுபாட்டினால் ஏறக்குறைய ஏழு மில்லிமீட்டர் நீண்டுவிடும். இறக்கை உடலைச் சந்திக்கும் இடத்திலோ மில்லிமீட்டரில் ஒரு சிறு பின்னமே மன்னிக்கப்படுகிறது. ஆகவே வேல்ஸின் குளிர்காலக் காலையில் அளந்த அளவும், துலூஸின் கோடை மதியத்தில் அளந்த அளவும் ஒன்றோடொன்று பேச வேண்டுமானால், இரண்டையும் 20 டிகிரி என்னும் பொதுப் பிரமாணத்துக்குக் கொண்டுவந்தே ஒப்பிட வேண்டும். கதவை ஓர் ஊர்த் தச்சனும் நிலையை வேறோர் ஊர்த் தச்சனும் செய்தால், இருவர் கையிலும் ஒரே முழக்கோல் இருந்தாலொழியக் கதவு நிலையில் அமராது. இங்கே அந்த முழக்கோல், வெப்பநிலை, அளவுக்கருவி, துளைகளின் வரிசை, அனுமதிக்கப்படும் பிழை, எந்த வரைபடத்தின் எந்தத் திருத்தம் செல்லும் என்ற நிர்ணயம் ஆகிய அனைத்தும் சேர்ந்த ஒன்று. அதைக் காப்பவர் ஒருவராக இருக்க வேண்டும். அவர் சொல் எல்லாத் தேசத்துப் பட்டறைகளிலும் செல்ல வேண்டும்.

செய்த பகுதிகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் ஒரு தனிச் சாதனை. அமெரிக்காவில் ராக்கெட்டின் பகுதிகளைச் சுமப்பதற்காக, பழைய போயிங் ஸ்ட்ராட்டோகுரூசர் விமானத்தின் உடலை ஊதிப் பெரிதாக்கினாற்போல் மாற்றி அமைத்த சூப்பர் கப்பி என்னும் விமானங்களையே முதலில் ஏர்பஸ் வாங்கிக்கொண்டது. ஒவ்வொரு ஏர்பஸ்ஸும் போயிங்கின் இறக்கைகளில் ஏறியே பிறக்கிறது என்று போட்டியாளர்கள் அந்நாளில் பேசிக்கொண்டனர். 1994ல் முதன்முதல் பறந்த பெலுகா அந்தக் குறையைத் தீர்த்தது. அதற்குப் பின்வந்த பெலுகா எக்ஸ்எல், ஏ350 விமானத்தின் இரண்டு இறக்கைகளையும் ஒரே பயணத்தில் சுமக்கிறது. பழையதில் ஒன்றுக்கே இடமிருந்தது.

ஏ380 என்னும் இரண்டடுக்கு விமானம் வந்தபோது, அதன் மிகப் பெரிய பகுதிகள் எந்த விமானத்திலும் அடங்கவில்லை. அதனால் அவர்கள் கண்ட மார்க்கம், பெரும் நிர்மாணங்களைப் பற்றி நான் வாசித்தறிந்தவற்றுள் மிகவும் அழகானது. ஏறக்குறைய 36 மீட்டர் நீளமுள்ள ஒவ்வோர் இறக்கையும் பிராட்டனிலிருந்து டீ நதியில் ஒரு தட்டைப் படகில் ஏறி மொஸ்டின் துறைமுகத்தை அடைந்தது. அங்கிருந்து இதற்கென்றே கட்டப்பட்ட 'வில் த போர்தோ' என்னும் கப்பலில் பிரான்ஸின் போயாக் துறைமுகத்தைச் சேர்ந்தது. மறுபடி படகில் மாறிக் கரோன் நதியை எதிர்த்துச் சென்றது. போர்தோ நகரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கற்பாலம் ஒன்று 17 வளைவுகளோடு நிற்கிறது. கடலின் ஏற்றவற்றம் அந்நதியில் அதுவரை எட்டுவதால், நீர் உரிய மட்டத்தில் இருக்கும் நேரம் பார்த்தே படகு அதன் வளைவினுள் நுழைய வேண்டியிருந்தது. லாங்கோனில் கரையேறிய பிறகு துலூஸ் வரை ஏறக்குறைய 240 கிலோமீட்டர் சாலை. மூன்று உடற்பகுதிகள், இரண்டு இறக்கைகள், ஒரு கிடைவால் என ஆறு பெரும் வண்டிகள் வரிசையாக, போக்குவரத்தை நிறுத்திவிட்டு, இரவிலேயே சென்றன. லெவிஞாக் என்னும் சிற்றூரின் வீதியில் வீட்டுச் சுவர்களுக்கும் வண்டிக்கும் இடையே மிகச் சொற்பமான இடைவெளியே இருந்தது. அந்த இரவுகளில் ஊரார் வீதியோரம் கூடி நின்று பார்த்தனர்.

இத்தனை சிரத்தையோடு நதியையும் கடலையும் பாலத்தையும் வென்றவர்கள், ஒரு மின்கம்பியினிடம் தோற்றனர். அதை நான் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன். அவ்விமானத்தினுள் ஏறக்குறைய 530 கிலோமீட்டர் நீளக் கம்பிகள் ஓடுகின்றன. ஹாம்புர்க்கில் கம்பிக்கற்றைகளோடு முடிக்கப்பட்டு வந்த உடற்பகுதிகளைத் துலூஸில் மற்றப் பகுதிகளோடு இணைக்க முயன்றபோது, பல இடங்களில் கம்பிகள் நீளம் போதாமல் நின்றன. வரைபடம் தயாரிக்கும் காட்டியா என்னும் கணினி நிரலின் நான்காம் பதிப்பை ஜெர்மனியும் ஸ்பெயினும், ஐந்தாம் பதிப்பைப் பிரான்ஸும் பிரிட்டனும் கையாண்டு வந்ததே மூலகாரணம். பதிப்பு மாறும்போது விவரங்கள் பிசகின்றி மாறவில்லை. பாரத்தைக் குறைக்கச் சில இடங்களில் செம்புக்குப் பதிலாக அலுமினியக் கம்பியை ஏற்றிருந்தனர். அலுமினியம் செம்பைப்போல் குறுகிய வளைவில் வளையாது. அந்த வளைவு விதியும் எல்லா வரைபடங்களிலும் ஒன்றுபோல் ஏறவில்லை. ஜெர்மனியிலிருந்து நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் துலூஸுக்கு வந்து, மாதக்கணக்கில் விமானங்களின் உள்ளே கம்பிகளைக் கையால் கழற்றி மீண்டும் கட்டினர். 2006 ஜூனில் தாமதம் அறிவிக்கப்பட்ட மறுநாளே தாய்க் கம்பெனியின் பங்கு விலை நாலில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. அடுத்த மாதம் இரு தலைவர்கள் பதவி துறந்தனர். முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கையில் சேர்ந்தது 2007 அக்டோபரில்தான்.

இதைக் கணினியின் குற்றமென்று சொல்வது சரியன்று. இரண்டு பதிப்புகள் இருப்பதை அறியாதவர் எவருமில்லை. ஒன்றை விட்டுவிடுமாறு மற்றவருக்குக் கட்டளையிட ஒருவருக்கும் துணிவில்லாமற்போயிற்று. ஏனெனில் தனித்தனிக் கம்பெனிகளாயிருந்து 2001ல் ஒரே கம்பெனியாகச் சேர்ந்த பின்னரும், மனத்தளவில் அவர்கள் நான்கு தேசத்துக் கம்பெனிகளாகவே இருந்தனர். பெத்தேயின் காலத்தில், சட்டப்படி தனித்தனியாக இருந்தவர்கள் ஓர் அளவுகோலுக்குக் கட்டுப்பட்டார்கள். பிற்காலத்தில், சட்டப்படி ஒன்றானவர்கள் அதைக் கைவிட்டார்கள். வேலையைப் பங்கிடுவதில் அரசியல் தலையிடுவது தவிர்க்க முடியாதது, தவறென்றும் நான் சொல்ல மாட்டேன். இணைப்பை நிர்ணயிப்பதில் அது தலையிட்டால் விமானம் எழாது.

அமெரிக்கர்களும் இதே பாடத்தை வேறொரு வழியில் பெருவிலை கொடுத்துக் கற்றார்கள். போயிங் 787 விமானத்தின் இறக்கைகள் ஜப்பானின் நகோயாவிலும், உடலின் பகுதிகள் ஜப்பானிலும் இத்தாலியின் க்ரொத்தாலியேயிலும் அமெரிக்காவின் விச்சிட்டாவிலும் சார்ல்ஸ்டனிலும் செய்யப்பட்டன. உற்பத்தியோடு விரிவான வடிவமைப்பையும், அதற்குரிய முதலீட்டையும் அந்தக் கூட்டாளிகளே ஏற்பதென்று ஏற்பாடு. 2007 ஜூலை 8 அன்று பெருங்கூட்டத்துக்கு முன் காட்டப்பட்ட முதல் விமானத்தின் உட்புறம் ஏறக்குறைய வெறுமையாகவே இருந்தது. தற்காலிக ஆணிகள் பலவற்றாலேயே அது பொருத்தப்பட்டிருந்தது. வேறு வேறு கம்பெனிகள் செய்த மூக்குப்பகுதிக்கும் அடுத்த உடற்பகுதிக்கும் இடையே 0.3 அங்குல இடைவெளியும் காணப்பட்டது. அவ்விமானம் பறந்தது 2009 டிசம்பரில். சார்ல்ஸ்டன் தொழிற்சாலையைப் போயிங் தானே விலைக்கு வாங்கிக்கொள்ளவும் நேர்ந்தது. 2001லேயே, போயிங்கின் சொந்தப் பொறியாளரான ஹார்ட்-ஸ்மித் என்பவர், வேலையை வெளியே அனுப்புவதால் மொத்த வேலை குறைவதில்லை என்றும், இணைப்புகளைக் கண்காணிக்கும் செலவு அனுப்பியவர் தலையிலேயே வந்து விழுமென்றும், லாபமும் வேலையோடு சேர்ந்து வெளியே போய்விடுமென்றும் தம் கம்பெனியின் கருத்தரங்கிலேயே கட்டுரை வாசித்திருந்தார்.

துலூஸ் ஒன்றே இறுதிக் கூடம் என்ற பழைய நிபந்தனையும் நாளடைவில் தளர்ந்தது. 1993ல் முதன்முதல் பறந்த, ஏ320 குடும்பத்து ஏ321 ஹாம்புர்க்கில் சேர்க்கப்பட்டது. 2008ல் சீனாவின் தியான்ஜினிலும், 2015ல் அமெரிக்காவின் மொபீல் நகரிலும் ஏ320 குடும்பத்துக்குக் கூடங்கள் திறக்கப்பட்டன. வாங்குபவரின் தேசத்தில் ஒரு கூடம் இருப்பது விற்பனைக்கு உதவும் என்பதே இவ்விரண்டிற்கும் முதன்மையான காரணம், சிக்கனம் அன்று. ஆனாலும் தியான்ஜின் கூடம் ஹாம்புர்க் கூடத்தின் மாதிரியிலேயே கட்டப்பட்டது. அச்சுச் சட்டங்களும் அளவைகளும் வேலை வரிசையும் ஒன்றே. நம் தேசத்திலும் பெங்களூரின் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நெடுங்காலம் ஏ320 விமானத்தின் பயணிகள் கதவுகளைச் செய்து அனுப்பியிருக்கிறது. காற்றழுத்தத்தைத் தாங்கும் கதவு, வேறொரு கண்டத்தில் செய்யப்பட்ட சட்டத்தில் கசிவின்றி அமர வேண்டும். அது சாமானியமான தேர்ச்சியன்று. ஆனால் கதவின் வரைபடம் வேறிடத்திலிருந்தே வருகிறது. கொடுத்த வரைபடத்தின்படி செய்பவனுக்கும், வரைபடத்தை வகுப்பவனுக்கும் உள்ள தூரத்தை நாம் மறக்கலாகாது. ஹாட்ஃபீல்டுப் பொறியாளர்கள் வரைபடத்தின்படி செய்பவர்களாக மட்டும் இருந்திருப்பின், 1969ல் அவர்களுக்காக ஜெர்மனி பணம் ஈந்திராது.

2016ல் பிரிட்டிஷ் ஜனங்கள் ஐரோப்பிய ஐக்கியத்திலிருந்து விலகுவதென்று வாக்களித்தபோது, தேசம் விலகினால் இறக்கையும் விலகுமா என்ற அதே கேள்வி மறுபடி எழுந்தது. 2019 ஜனவரியில் ஏர்பஸ்ஸின் அப்போதைய தலைவர் டாம் எண்டர்ஸ், ஒப்பந்தமின்றிப் பிரிந்தால் தம் கம்பெனி பிற்கால முதலீடுகளை வேறு தேசங்களுக்குக் கொண்டுபோக நேரலாம் என்றும், இறக்கை செய்ய விரும்பும் தேசங்கள் பல உண்டு என்றும் பகிரங்கமாக எச்சரித்தார். பெருந்தொழிற்சாலைகளை உடனே பெயர்த்தெடுக்க முடியாது என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். பிரிவு நடந்தது, இறக்கைகள் இன்றும் பிராட்டனிலிருந்தே புறப்படுகின்றன. ஏ320க்குப் பின்வரும் புது விமானத்தை இந்தப் பத்தாண்டின் இறுதியையொட்டித் தொடங்க ஏர்பஸ் உத்தேசித்திருக்கிறது. அதன் இறக்கையை எந்தத் தேசம் செய்யும் என்பது இன்னும் நிர்ணயமாகவில்லை. அதற்காக வேல்ஸில் தொழிலாளர் சங்கங்களும், ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் மந்திரிகளும் வாதாடுவார்கள்; அது அவர்கள் கடமை. அந்த இறக்கையின் வேரை உடலோடு பிணைக்கும் துளைகளின் வரைபடத்தில் கடைசிக் கையொப்பம் யாருடையதாக இருக்கும் என்பதை அவர்கள் அந்த வாதத்துக்கு முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும் என்பதே, ஐம்பதாண்டுக்கு மேற்பட்ட இந்தச் சரித்திரத்தை வாசித்தவன் என்ற முறையில் நான் கொள்ளும் அபிப்பிராயம்.